ஒண்ணாம் ரகம், ரெண்டாம் ரகம், கழிவு

போன மாதம் வேலூரில் கூடினோமே, மேசை மேல் புத்தகங்களை வரிசையாக அடுக்கிவிட்டு நீங்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அப்போது எனக்கு வந்தது பெருமை இல்லை, அலுப்புதான். பழைய காமிக்ஸ் ஒன்றைக் கையில் எடுத்து, முதுகில் விரிசல் இருக்கிறதா, தாளைக் கோத்த கம்பிப் பின் துருப்பிடித்திருக்கிறதா, நடுத்தாள் கழன்றிருக்கிறதா என்று பார்த்து, இது இன்ன தரம் என்று சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது. நம் கூட்டத்தில் பாதிப் பேருக்கு முடி நரைத்துவிட்டது, மீதிப் பேருக்கு முடியே இல்லை. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஓர் அட்டையின் மூலை மடங்கியதற்காக மதியச் சாப்பாடு ஆறும் வரை வாதாடுகிறோம். நமக்குப் பிறகு நம் பிள்ளைகள் இவற்றை என்ன செய்வார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பிளாஸ்டிக் உறையை மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

அன்றைக்கு உங்களில் ஒருவர், "அக்கா, நீங்க ஏன் புக்க மோந்து பாக்கறீங்க?" என்று கேட்டார். பழக்கம் என்று சொல்லிவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்துவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தேன். அது என் பழக்கமே இல்லை, என் அண்ணனுடையது. புத்தகத்தைத் தரம் பிரிப்பதும் அவனிடமிருந்து வந்ததுதான். நீங்கள் எல்லோரும் எனக்குக் கொடுத்திருக்கும் பெயர் அவனுக்குச் சேர வேண்டியது. அவனிடம் சொன்னால் சிரிப்பான். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம். அப்பாவுக்குச் சாமை விளையும் கொஞ்சம் நிலம் இருந்தது. மாசி பங்குனியில் புளி. எங்கள் கொல்லையில் இருந்த மரங்கள் போக, ஊரைச் சுற்றி இருந்த மரங்களையும் குத்தகைக்கு எடுத்து உலுக்குவார். அந்த இரண்டு மாதமும் வீடு முழுக்கப் புளிதான். நடந்தால் உள்ளங்கால் ஒட்டும். சோற்றில் புளி ஓடு கிடக்கும். அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் வாசலில் உட்கார்ந்து கல்லின் மேல் வைத்துத் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். அந்தத் தட்டல் சத்தத்துக்கு நடுவில்தான் நானும் அண்ணனும் காமிக்ஸ் பார்த்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். அவன் என்னைவிட நான்கைந்து வயது பெரியவன்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, திருப்பத்தூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் வேலை பார்த்தார். எடைக்கு வரும் கட்டுகளில் காமிக்ஸ் ஏதாவது தென்பட்டால் எடுத்துத் தனியே வைப்பார். மலைக்கு வரும் ஜீப்காரரிடம் கொடுத்தனுப்புவார். ஜீப்காரர் தன் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு வருவார். அதனால் எங்களுக்கு வந்த எல்லாப் புத்தகத்திலும் லேசாக டீசல் வாசனை அடிக்கும். உள்ளங்கையில் அடங்கும் அளவுதான் இருக்கும். உள்ளே கறுப்பு மையோடு ஒரு செம்மஞ்சள் நிறம், அதுவும் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் வழிந்திருக்கும். எங்களிடம் வரும்போதே பழசாகிப் போன புத்தகங்கள் அவை. இன்று நீங்கள் தேடி அலைகிற இதழ்களில் சில எங்கள் தகரப் பெட்டியில் வேப்பிலைக்கு நடுவே படுத்துக்கிடந்தன. எவையெவை என்று சொன்னால் உங்களுக்கு வயிறு எரியும். வேண்டாம்.

புளி வாங்க வரும் மண்டிக்காரரைப் பார்த்துத்தான் அண்ணன் தரம் பிரிக்க ஆரம்பித்தான். அவர் திருப்பத்தூரிலிருந்து வருவார். மூட்டையின் அடியில் கையை விட்டு ஒரு பிடி எடுப்பார். கட்டைவிரலால் அழுத்துவார், நாரை இழுத்துப் பார்ப்பார், முகர்வார், நாக்கு நுனியில் வைத்துத் துப்புவார். பிறகு ஆகாயத்தைப் பார்த்துச் சொல்வார்: ஒண்ணாம் ரகம், இல்லை ரெண்டாம் ரகம், இல்லை கழிவு. அவர் வாயைத் திறக்கும் வரை அப்பா துண்டை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நிற்பார். எவ்வளவு நல்ல புளியானாலும் அவர் வாயில் ரெண்டாம் ரகத்துக்கு மேல் வந்ததாக எனக்கு நினைவில்லை. அப்பா ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. "சரிங்க மொதலாளி" என்பார், அவ்வளவுதான்.

அண்ணன் காமிக்ஸை அதே மாதிரி எடுப்பான். முதலில் முகர்வான். ஈரத்தில் கிடந்ததா, மண்ணெண்ணெய் பட்டதா, கரையான் வாய் வைத்ததா என்பதெல்லாம் அவனுக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும். பிறகு புத்தகத்தை மூக்கு நுனிக்குக் கொண்டுபோவான். மூக்கு நுனி என்றால் மூக்கு நுனிதான். தாள் அவன் மூக்கில் உரசும். ஒவ்வொரு பக்கமாக அப்படியே நகர்த்திப் பார்ப்பான். நாம் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிற பழுப்புப் புள்ளியை, கம்பிப் பின் ஓரத்தில் அப்போதுதான் பிடிக்க ஆரம்பித்த துருவை, அழிப்பானால் அழித்த பென்சில் கோட்டை அவன் வெறும் கண்ணால் பிடித்துவிடுவான்.

"இது ஒண்ணாம் ரகம்தானேண்ணா?" என்று கேட்பேன்.

"மீச போட்டுக்கீறான் பாரு எவனோ. ரெண்டு."

"மீச நல்லாத்தானே கீது."

"நல்லா இருந்தாலும் ரெண்டுதான்."

அந்த விஷயத்தில் அவனிடம் தயவே கிடையாது. ஒரே இதழ் எங்களிடம் மூன்று பிரதி சேர்ந்தது. ஒன்றில் அட்டை இல்லை, ஒன்றில் நடுத்தாள் இல்லை, இன்னொன்றை எலி கடித்திருந்தது. அவன் மூன்றையும் பிரித்து, நல்ல தாள்களை எடுத்து, பின்னை நிமிர்த்தி மறுபடி கோத்து, முழுசாக ஒரு புத்தகம் செய்தான். பார்த்தால் அப்போதுதான் கடையிலிருந்து வந்தது போல இருந்தது. நான் கையைத் தட்டினேன். அவன் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒட்டுப்போட்டது. ரெண்டு" என்று ரெண்டாம் ரகத்து அடுக்கில் வைத்தான். நம்மில் சிலர் அப்படிச் சேர்த்துக் கட்டியதை வாய் கூசாமல் முதல் தரமென்று விற்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வரும்.

அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "புக்க படிக்கறானா, மோந்து பாக்கறானா? நாய் மாரி இன்னாடா பழக்கம் இது?" என்பாள். யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. நானும்தான். அண்ணன் காமிக்ஸ் பார்க்கும் விதம் அது என்றே நினைத்திருந்தேன்.

அந்த மாசி மாதம் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைகள் நின்றுவிடாமல் இருக்க வீடுவீடாக ஏறி இறங்குகிறவர். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்.

"உங்க பையன் போர்டுல எழுதறத எழுத மாட்டேங்கறான். பக்கத்துல இருக்கறவன் நோட்ட பாத்து எழுதறான். ஏன்டான்னு கேட்டா தெர்லன்றான்."

"கண்ணு தெரியலீங்களா அவனுக்கு?" என்றார் அப்பா.

வாத்தியார் சட்டைப் பையிலிருந்து ஒரு காமிக்ஸை எடுத்தார். வகுப்பில் அண்ணனிடமிருந்து பிடுங்கியது. "இதப் பாருங்க. இதுல இருக்கற எழுத்து எறும்பு மாரி கீது. இத்தப் படிக்கத் தெரியுது. போர்டுல நான் இம்மாம் பெரிசா எழுதறது மட்டும் தெரியாதா?"

எறும்பு போன்ற எழுத்தைப் படிக்கிறவனுக்குப் பெரிய எழுத்து தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? வாத்தியார் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அது தப்பு என்று தெரிந்தவர் ஒருவரும் அந்த மலையில் அன்று இல்லை.

"இன்னாடா சொல்ற?" என்று அப்பா கேட்டார்.

அண்ணன் கதவோரம் நின்றுகொண்டு, "தெர்ல நைனா" என்றான்.

"பொய் சொல்லாத."

"பொய் இல்ல."

அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். படிக்க மனமில்லாதவனை எதற்கு வதைக்க வேண்டும், மரம் இருக்கிறது, தொழில் இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார். காமிக்ஸ்தான் பையனைக் கெடுத்தது என்பதில் வாத்தியாரும் அம்மாவும் அப்பாவும் ஒரே கட்சி. அடுத்த முறை மண்டிக்காரர் வந்தபோது தகரப் பெட்டி மூட்டைகளோடு அவருடைய வண்டியில் ஏறியது. "குடு, எங்க வூட்டுப் பசங்க பாக்கும்" என்று அவர் வாங்கிக்கொண்டார். வண்டி தெருமுனையில் திரும்பும் வரை அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பெட்டி எவ்வளவு தூரம் வரை அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். வாசலைத் தாண்டியதுமே மறைந்திருக்கும்.

மாமாவும் அந்தச் சமயத்தில் வேலையை விட்டுவிட்டுப் பெங்களூர் பக்கம் போய்விட்டார். புதிதாக ஒன்றும் வரவில்லை. அண்ணன் அப்பாவோடு மரத்துக்குப் போக ஆரம்பித்தான்.

புளியமரத்தில் ஏறுகிறவன் கிளைக்குக் கிளை போய்க் காலால் உலுக்க வேண்டும், எட்டாததைக் கழியால் தட்ட வேண்டும். அண்ணன் நன்றாகவே ஏறினான். கைக்கு எட்டுவதெல்லாம் அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். ஒருநாள் அவன் ஏறிய மரம் ஊருக்கு மேற்கே, ஓடைக்கரையில் நின்றது. நானும் அம்மாவும் கீழே விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். வருஷா வருஷம் தானே ஏறிக் கிளைக்குக் கிளை மனப்பாடமான மரம் அது, அப்பா அடியில் நின்று மேலே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கிளைக்குப் போவாத. காஞ்சது அது."

"எது நைனா?"

"கையக் காட்றேன் பாரு. அதாண்டா."

"எது?"

"இன்னாடா எது எதுன்னு. இதோ காட்டிக்கினு கீறேன், அது."

அண்ணன் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். பிறகு ஏதோ ஒரு பக்கமாகக் காலை எடுத்து வைத்தான். கிளை முறிந்த சத்தம் பெரிதாக இல்லை. புளி ஓடு உடைகிற சத்தம் போலத்தான் கேட்டது.

இடது முழங்கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. நெற்றிக்கு மேல் பிளந்து ரத்தம் கண்ணை மூடியிருந்தது. அப்பா துண்டால் தலையைக் கட்டினார். ஜீப்காரர் ஏற்றியிருந்த மூட்டைகளைத் தெருவிலேயே இறக்கிப் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். அம்மா மடியில் அண்ணன் தலை, அப்பா மடியில் அவன் கால், கீழே கால் வைக்கிற இடத்தில் நான். வளைவுகளில் ஜீப் சாயும்போதெல்லாம் அவன் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அவன் அழவில்லை. அப்பாதான் அழுதுகொண்டு வந்தார், சத்தமில்லாமல்.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் கைக்கு மாவுக்கட்டு போட்டார்கள், தலையில் தையல் போட்டார்கள். மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்தார். கட்டில் காலடியில் நின்று விரல்களை நீட்டினார்.

"எத்தன வெரல், சொல்லு?"

அண்ணன் கண்ணைச் சுருக்கினான்.

"பயப்படாத. எத்தன வெரல்?"

"தெர்லீங்க."

டாக்டரம்மா கொஞ்சம் கிட்டே வந்தார். தெரியவில்லை என்றான். கட்டிலின் பக்கவாட்டுக்கு வந்தார். அப்போதும் அதையே சொன்னான். கடைசியில் அவர் குனிந்து அவன் மூக்குக்கு நேராகக் கையைக் கொண்டுபோனதும், "மூணு" என்றான். "கட்ட வெரல்ல மை கீது" என்றும் சொன்னான். டாக்டரம்மா தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். பேனா மை, கடுகளவு.

"தலையில அடிபட்டுக் கண்ணு பூட்ச்சு" என்றார் அப்பா.

"இல்லைங்க" என்றார் டாக்டரம்மா. "இது அடிபட்டதால வந்தது இல்ல. இவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கிட்டப்பார்வை. கிட்ட இருக்கறது நல்லாத் தெரியும், தூரத்துல இருக்கறது தெரியாது. கண்ணாடி போட்டாச் சரியாயிடும்."

அப்பா கும்பிட்டார். தலையை ஆட்டினார். நம்பவில்லை. பெற்றவன் மனம் நோகக் கூடாது என்று ஒரு நல்ல அம்மா சொல்கிற ஆறுதல் என்று அதை எடுத்துக்கொண்டார். அன்று முதல் அவருடைய வாழ்நாளில் பெரும்பகுதி அந்த நம்பாமையில்தான் போனது.

இரண்டு நாள் கழித்து அண்ணன் கேட்டான், "நைனா, என் பொட்டி மண்டியிலதானே கீது?"

அப்பா எழுந்து வெளியே போனார். நாங்கள் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இது. மண்டிக்காரர் வீட்டில் பெட்டி இருந்தது, அதில் கோலமாவு இருந்தது. புத்தகங்களைப் பிள்ளைகள் கிழித்ததும் தெருவில் கொடுத்ததும் போக ஒன்றும் மிச்சமில்லை. அப்பா அங்கிருந்து, மாமா வேலை பார்த்த பேப்பர் கடையைத் தேடிக்கொண்டு போயிருக்கிறார். ஊர் பழக்கமில்லாதவர். எழுதப் படிக்கத் தெரியாது. பழைய பேப்பர் மலையின் மேல் உட்கார்ந்து, பொம்மை போட்டதையெல்லாம் எடுத்திருக்கிறார்.

மத்தியானம் சாக்குக் கயிற்றால் கட்டிய ஒரு புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு வந்தார். கட்டிலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். "அதே புக்கு கெடைக்கல. வேற கொண்டாந்துக்கீறேன்" என்றார்.

அண்ணன் ஒரு கையால் கட்டைப் பிரித்தான். மேலே அட்டை இல்லாத ஒரு காமிக்ஸ். அதற்குக் கீழே முதுகு பிய்ந்த இன்னொன்று. பிறகு சினிமாப் பாட்டுப் புத்தகம். பயிரைத் தின்னும் பூச்சிகளைப் படம் போட்டு விளக்குகிற வேளாண்மைத் துறைப் புத்தகம். பஞ்சாங்கத்தில் பாதி. அம்மாவும் அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் சிரித்துக்கொண்டிருக்கிற குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசுரம். ஜவுளிக்கடைக் காலண்டரிலிருந்து கிழித்த முருகன் படம் ஒன்று.

அப்பா துண்டை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் முதல் புத்தகத்தை எடுத்து முகர்ந்தான். மூக்கு நுனிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். தலைத் தையல் இழுத்திருக்க வேண்டும், ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தான்.

"ஒண்ணு" என்றான்.

அட்டையே இல்லாத புத்தகம் அது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அடுத்ததை எடுத்தான். "இதுவும் ஒண்ணு." பூச்சிப் புத்தகத்தை மற்றவற்றைவிட அதிக நேரம் பார்த்தான். "ஒண்ணு." குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் ஒண்ணு.

"இது காமிக்ஸே இல்லியேண்ணா" என்றேன்.

அவன் போர்வைக்குள்ளிருந்து காலால் என்னை உதைத்தான்.

"எல்லாமே ஒண்ணா?" என்று கேட்டார் அப்பா.

"எல்லாமே ஒண்ணாம் ரகம்தான் நைனா."

அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் துண்டை விரித்துப் படுத்தார். விழுந்த நாளிலிருந்து அவர் படுத்து நாங்கள் பார்க்கவில்லை. படுத்ததும் குறட்டை வந்துவிட்டது. அண்ணன் அந்தக் கட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, வருகிற நர்ஸ் எல்லோரிடமும், "எங்க நைனா வாங்கியாந்தாரு" என்று காட்டினான்.

வட்டச் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்று வந்தது. மாவுக்கட்டோடும் கண்ணாடியோடும் அவனை ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கூட்டிப்போனோம். வழி முழுக்க அவன் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். ஊருக்குக் கொஞ்சம் முன்னால், எதிர்ப்பக்கத்துச் சரிவைக் காட்டி, "அங்க வூடுங்க கீதா?" என்று கேட்டான்.

"எப்பவும் கீதுண்ணா. நம்ம அத்த வூடுகூட அங்கதான்" என்றேன்.

"நடந்து போனா வர்ற வூடுன்னுதான் தெரியும். இங்கேர்ந்தே தெரியும்னு தெரியாது."

அதற்குப் பிறகு அவனுக்குக் காமிக்ஸ் வேண்டியிருக்கவில்லை. எனக்கு அது அப்போது பெரிய ஏமாற்றம். கண்ணாடி வந்துவிட்டது, இனி இன்னும் நன்றாகத் தரம் பிரிப்பான் என்று எண்ணியிருந்தேன். அவனோ பகல் பூராவும் வாசலில் உட்கார்ந்து தூரத்தில் போகிற ஆளைப் பார்த்து யார் யார் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் அப்பா கொடுத்த புத்தகக் கட்டை என்னிடம் தள்ளி, "நீயே வெச்சுக்க பாப்பா" என்றான். நான் முகர்ந்து பார்த்தேன். டீசல் வாசனை இல்லை. எனக்கு இந்தப் பழக்கம் அங்கே ஆரம்பித்ததுதான்.

அப்பா அந்த வருஷத்தோடு மரக் குத்தகையை விட்டுவிட்டார். நிலத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, அம்மாவின் உறவுக்காரர்கள் இருந்த போளூருக்கு எங்களை அழைத்துக்கொண்டு இறங்கினார். மலையில் நாலு பேர் யோசனை கேட்டு வருகிற மனிதர், ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். யார் வந்தாலும் அண்ணனின் கண்ணாடியைக் காட்டி, "நாந்தான் மரத்துல ஏத்தி அவன் கண்ணக் கெடுத்தேன்" என்பார். அண்ணன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான், மரத்துக்கு முன்னாலேயே அப்படித்தான் என்று. "நீ அப்டிதான் சொல்லுவ" என்று எழுந்து போய்விடுவார். எங்கள் அம்மா சாகும்போதும் அவரிடம் அதைத்தான் சொன்னாள், அந்த நெனப்ப வுடுங்க என்று. விடவில்லை. ஒரு தப்பான எண்ணம் ஒரு மனிதரை இவ்வளவு காலம் தின்னும் என்பதை நான் வீட்டிலேயே பார்த்தேன்.

அண்ணன் போளூரில் சின்னதாக மளிகைக்கடை வைத்தான். எனக்குத் திருப்பத்தூரில் அரசு வேலை. பொட்டலம் மடிக்க அவன் பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வாங்குவான். அதில் காமிக்ஸ் வந்தால் எனக்கென்று எடுத்து வைப்பான். என் சேகரிப்பில் நீங்கள் பொறாமைப்படுவதில் பாதி அந்த மளிகைக்கடைப் பேப்பர்தான்.

அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிய பிறகு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. ஊரில் கண் சிகிச்சை முகாம் போட்டார்கள். அண்ணனும் நானும் கூட்டிக்கொண்டு போனோம். ஆபரேஷனுக்கு முன் ஏதோ மெஷினில் கண்ணை அளந்தார்கள். முடிந்து கட்டுப் பிரித்த அன்று, ஓர் இளம் டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்.

"பெரியவருக்குப் புரை இப்பதான் வந்தது. ஆனா சின்ன வயசுலேர்ந்தே கடுமையான கிட்டப்பார்வை இருந்திருக்கு. இத்தன வருஷம் கண்ணாடி இல்லாம எப்படிச் சமாளிச்சாரு? இது குடும்பத்துல வரும். பசங்களுக்கு இருக்கா?"

அண்ணன் சோடாப்புட்டிக் கண்ணாடியோடு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தான். டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஓ" என்று எழுத ஆரம்பித்தார்.

ஆட்டோவில் திரும்பினோம். கடைக்கு வந்து அப்பா மூட்டை மேல் உட்கார்ந்தார். எதிரே, பஸ் ஸ்டாண்டுக்கு அப்பால், நாங்கள் இறங்கி வந்த மலை. புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைத்த லென்ஸ், தூரம் தெரியும்படி அளவெடுத்து வைத்தது. வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலைமேல புள்ளி புள்ளியா தெரியறது இன்னா, மரமா?"

"மரந்தான் நைனா" என்றான் அண்ணன்.

"தனித்தனியாவா தெரியும்?"

"தனித்தனியாத்தான் தெரியும்."

"எனுக்கு எப்பவும் மொத்தமா ஒரே பச்சையாத்தான் இருந்துச்சு. எல்லாருக்கும் அப்டிதான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அண்ணன் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்பா அவன் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு, மேலேர்ந்து என் கை ஒனக்குத் தெரியலயா?"

"தெரியல நைனா."

"எனுக்கும் ஒன் மூஞ்சி தெரியலடா. கீழேர்ந்து பாத்தா எலைக்கு நடுவுல ஒரு கறுப்பு மாரிதான் தெரிஞ்ச."

"அதான் நைனா."

"டாக்டரம்மா சொன்னது நெசந்தான் அப்ப."

"நெசந்தான்."

அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகு இருந்த வருஷங்களிலும் இல்லை. வந்தவர்களிடம் கண்ணாடியைக் காட்டுவதும் நின்றுபோனது.

அன்று கடையில் எனக்கென்று எடுத்து வைத்த காமிக்ஸ் ஒன்று கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. அப்பா அதை எடுத்தார். முகாமில் கொடுத்த, கிட்டத்தில் பார்க்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைத் திருப்பினார். மண்டிக்காரரிடம் கொடுத்ததையும் ஆஸ்பத்திரிக்குச் சுமந்து வந்ததையும் விட்டால், அவர் காமிக்ஸைக் கையில் எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. படிக்கத் தெரியாததால் படத்தைத்தான் பார்த்தார். விரலை எச்சில் தொட்டுத்தொட்டுத் திருப்பினார். குதிரை வீரன் ஒருவன் பாலைவனத்தைத் தாண்டுகிற கதை. நடுநடுவே, "தண்ணி தீந்துபோச்சு போலகீதே" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நானும் அண்ணனும் வியாபாரத்தைப் பார்ப்பது போல நின்றுகொண்டிருந்தோம்.

கடைசித் தாள் இல்லாத புத்தகம் அது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அட்டைக்கு உள்ளேயும் தேடினார்.

"அப்பறம் இன்னா ஆச்சு?" என்று அண்ணனைக் கேட்டார்.

அந்த இதழ் முழுசாக என்னிடம் இருந்தது. முடிவு எனக்குத் தெரியும். குதிரை மணலில் விழுந்து செத்துப்போகும். அவன் மட்டும் தவழ்ந்து போவான்.

அண்ணன் தராசை வைத்துவிட்டு வந்து மூட்டை மேல் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஊரு போய்ச் சேந்துட்டான் நைனா" என்றான்.

"குதர?"

"குதரயும்தான். ஊரு எல்லையில கெணறு ஒண்ணு இருந்துச்சு. மொதல்ல குதரைக்குத்தான் தண்ணி எறச்சு ஊத்தனான்."

அப்பா தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து திரும்பவும் பார்க்க ஆரம்பித்தார்.